மிஷின் இருக்கட்டும், மனுஷனும் இருக்கட்டும்

நவம்பர் நெருங்குகிறது. நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்குத் தீபாவளி முடிந்ததும் வருகிற அடுத்த பண்டிகை அது. "நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று நிரூபிக்கும் பண்டிகை. போன வருஷ நவம்பரில் எங்கள் தெருவில் ஒரு அக்கா அதை நிரூபிக்க முடியாமல் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டு, என் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

அந்த அக்காவுக்கு 79 வயது. கணவர் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து காலமானவர். ஒரே மகள் திருப்பூரில். குடும்ப ஓய்வூதியம்தான் சாப்பாடு, வாடகை, மாத்திரை எல்லாமே. கும்பகோணத்தில் எங்கள் தெரு முனையில் நாற்பது வருஷம் இட்லிக் கடை நடத்தியவர். கிரைண்டர் வருவதற்கு முன் ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கை அது. உள்ளங்கையைப் பார்த்தால் ஜோசியருக்கே வேலை இல்லை. ரேகை எல்லாம் மாவோடு கரைந்துபோய்விட்டது.

நவம்பர் முதல் வாரம் அக்கா பாஸ்புக், பி.பி.ஓ. நகல், ஆதார் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனார். எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. இது எங்கும் நடக்கிறது. சீட்டில் இருந்த பையன், "பாட்டி, இப்பல்லாம் பேப்பர் கிடையாது, ஆன்லைன்தான். வெளியில கம்ப்யூட்டர் சென்டர்ல போய் ரேகை வச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டான். ஆட்டோ பிடித்து அங்கே போனார். கட்டைவிரல் விழவில்லை. மற்ற ஒன்பது விரல்களும் விழவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள், தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள், துடைக்கச் சொன்னார்கள். அப்புறம் முகத்தைப் படம் எடுக்கலாம் என்று செல்போனை நீட்டினார்கள். கண்ணைச் சிமிட்டச் சொன்னது போன். ஒரு கண்ணில் புரை நீக்கி இருந்தது, இன்னொன்றில் புரை இருந்தது. அக்கா சிமிட்டியது போனுக்குத் தெரியவில்லை. மறுநாள் போனால் சர்வர் டவுன். மூன்றாம் முறை போனபோது கடைக்காரரே, "பேங்க்லயே கேளுங்க பாட்டி" என்று திருப்பி அனுப்பினார். வங்கியில் மறுபடியும், "ஆன்லைன்தான்."

டிசம்பர் கடைசியில் பென்ஷன் வரவில்லை. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. எதையோ தான் தப்பாகச் செய்துவிட்டோம் என்று வெட்கம். பொங்கலுக்குக் கரும்பு கொடுக்கப் போன என் மனைவிதான் அவர் காதைப் பார்த்துவிட்டு வந்தாள். தோடு இல்லை. பிரஷர் மாத்திரைக்கும் வாடகைக்கும் அடகுக் கடைக்குப் போயிருந்தது.

பொங்கல் லீவு முடிந்ததும் நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் ஒரு காகிதம் கொண்டு போனேன். 2017 நவம்பர் 9 அன்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கை. ஓய்வூதியம் வாங்குகிறவர் தன் வங்கியின் எந்தக் கிளையிலும் காகிதத்தில் வாழ்நாள் சான்று கொடுக்கலாம், வாங்கிக்கொண்டு உடனே கணினியில் ஏற்ற வேண்டும் என்று அதில் இருக்கிறது. மேலாளருக்கு என் மகன் வயசு இருக்கும். படித்தார். முகம் கொஞ்சம் மாறியது. மேஜையின் அடி டிராயரிலிருந்து ஒரு படிவம் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தார், பி.பி.ஓ.வில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார், கைநாட்டு வாங்கினார், தன் கையெழுத்தைப் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷம்.

நாலு நிமிஷ வேலைக்காக ஒரு மனுஷி இரண்டரை மாதம் அலைந்தார். நிலுவை அடுத்த மாதம் வந்தது. தோடு திரும்பியது. அடகு வட்டியை யார் கொடுத்தார்கள்? அக்காதான். "மன்னிச்சுக்குங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னவர் யாருமில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது ரேகை விழாததற்காக இல்லை. மிஷினுக்கு ரேகை தெரியாமல் போகலாம், அது மிஷின். ஆனால் உயிரோடு எதிரே நிற்கிறவரை "உயிரோடு இருக்கிறார்" என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தைரியம் இல்லையே, அதற்காக.

இந்த இடத்தில் சில வாசகர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். "சார் பழைய பஞ்சாங்கம் படிக்க ஆரம்பிச்சுட்டார்" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் 1974இல் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். 1980களில் "கம்ப்யூட்டர் வேண்டாம்" என்று கொடி பிடித்தவர்களில் நானும் ஒருவன். 1984இல் ரங்கராஜன் குழு அறிக்கை வந்தபோது வாசலில் நின்று கோஷம் போட்டிருக்கிறேன். அப்போது நான் சொன்னதில் பாதி தப்பு என்று இன்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறேன்.

எப்படித் தப்பு? ஒரு உதாரணம் போதும். சேமிப்புக் கணக்குக்கு அந்தக் காலத்தில் எப்படி வட்டி போட்டோம் தெரியுமா? மாதம் 10ஆம் தேதியிலிருந்து கடைசித் தேதிக்குள் கணக்கில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. மாதம் பூரா பத்தாயிரம் வைத்திருந்து 25ஆம் தேதி ஒன்பதாயிரத்தை எடுத்தால், அந்த மாதம் வட்டி ஆயிரத்துக்குத்தான். இது அநியாயம் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் தினசரி இருப்பைப் பார்த்துக் கையால் வட்டி போட எத்தனை குமாஸ்தா வேண்டும்? முடியாது. கம்ப்யூட்டர் வந்தது, முடிந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி. அந்தப் பணம் ஏழைகளின் பாஸ்புக்கில் போய்ச் சேர்ந்தது. அதைத் தடுக்கத்தான் நான் கொடி பிடித்திருக்கிறேன்.

அரையாண்டுக் கணக்கு முடிக்கும் இரவுகளும் நினைவில் இருக்கின்றன. லெட்ஜரும் பொதுப் பேரேடும் ஒத்துப்போக மறுக்கும். பதினேழு பைசா வித்தியாசத்துக்காக விடியற்காலை இரண்டு மணி வரை தேடியிருக்கிறோம். இன்று அந்தத் தொல்லை இல்லை. மெட்ராஸ் செக் கலெக்ஷனாகி வரப் பத்து நாள், பம்பாய் என்றால் மூன்று வாரம் என்று காத்திருந்தவர்கள் நாம். இன்று என் பேரன் அமெரிக்காவில் இருந்துகொண்டு எங்கள் வீட்டு மின் கட்டணத்தைக் கட்டுகிறான். 2016இல் வந்த யு.பி.ஐ. வழியாக 2025 ஆகஸ்ட் ஒரே மாதத்தில் நாடு முழுவதும் 2000 கோடிப் பரிவர்த்தனைகள் நடந்திருக்கின்றன. எங்கள் தெருக் கீரைக்காரம்மாவின் கூடையில் கியூ.ஆர். அட்டை இருக்கிறது. சில்லறைக்குப் பதில் மிட்டாய் வாங்கும் அவமானம் ஒழிந்தது. நல்லதுதான். நானும் பயன்படுத்துகிறேன்.

ஆகையால் என் சண்டை மிஷினோடு இல்லை. மிஷின் வந்ததைச் சாக்காக வைத்து, பக்கத்தில் இருந்த மனுஷனை எழுப்பி அனுப்பினார்களே, அவர்களோடு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாற்பது வருஷத்துக்கு முன் கம்ப்யூட்டர் கொண்டு வருகிறோம் என்றபோது என்ன சொன்னார்கள்? "எடுபிடி வேலைகளை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், ஊழியர்கள் வாடிக்கையாளரோடு அதிக நேரம் பேசலாம்" என்றார்கள். எங்கள் கிளைக்கு வந்து பேசிய அதிகாரி இதைத்தான் சொன்னார், நான் முன் வரிசையில் இருந்தேன். நடந்தது என்ன? 2000, 2001இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஒரு லட்சம் பேர் அளவில் வெளியே போனார்கள். அதற்குப் பிறகு கவுன்ட்டர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நான் சேர்ந்த கிளையில் எட்டு ஜன்னல். இன்று அங்கே இரண்டு. அந்த இரண்டிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு இன்சூரன்ஸ் விற்க டார்கெட். எதிரில் நிற்கிற கிழவரைப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது?

குறைந்துபோன அந்த வேலை எங்கே போனது? மறைந்துவிடவில்லை. நம் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாஸ்புக்கைப் பதிய மிஷின் முன்னால் நாமே நிற்கிறோம். கே.ஒய்.சி. படிவத்தை நாமே நிரப்பி, நாமே ஸ்கேன் செய்து, நாமே ஏற்றுகிறோம். பாஸ்வேர்டை மறந்தால் நாமே போராடுகிறோம். உதவிக்குப் போன் செய்தால் "தமிழுக்கு இரண்டை அழுத்தவும்" என்ற குரலோடு இருபது நிமிஷம் பேசுகிறோம். அந்தக் காலத்தில் இதையெல்லாம் செய்ய எனக்கு மாதச் சம்பளமும் போனஸும் கொடுத்தார்கள். இன்று அதே குமாஸ்தா வேலையை 73 வயதில் சம்பளம் இல்லாமல் பார்க்கிறேன். செய்யத் தெரியாவிட்டால் பட்டம் வேறு கிடைக்கிறது: "டிஜிட்டல் அறிவு இல்லாதவர்."

அறிவு இல்லாதவர்களா நாம்? லாகரிதம் அட்டவணையைப் பார்த்துப் பொறியியல் படித்தவர்கள், தந்தி அலுவலகத்தில் மோர்ஸ் தட்டியவர்கள், மூன்று பக்க பாலன்ஸ் ஷீட்டைக் கையால் கூட்டியவர்கள் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நமக்கு மூளை குறையவில்லை. பார்வை குறைந்திருக்கிறது, விரல் நடுங்குகிறது, காது மந்தம், ரேகை தேய்ந்திருக்கிறது. இதெல்லாம் எல்லோருக்கும் வரப்போகிறவை. அந்தச் செயலியை வடிவமைத்த 28 வயதுப் பையனுக்கும் வரும்.

ஜன்னலில் இருந்த மனுஷன் என்ன செய்தான் என்பதற்கு என் சர்வீஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1990களின் நடுவில் ஒரு நாள், வயலை விற்ற பணத்தை எங்களிடம் டெபாசிட் போட்டிருந்த ஒரு பெரியவர் வந்தார். முதிர்வுக்கு எட்டு மாதம் பாக்கி, முழுவதையும் உடைத்து ரொக்கமாக வேண்டும் என்றார். கூடவே முன்பின் பார்க்காத ஒருவன், பெரியவருக்கு முன்னால் அவனே பதில் சொன்னான். எனக்குச் சரியாகப் படவில்லை. "கேஷ் வர அரை மணி ஆகும், உட்காருங்க மாமா, டீ சாப்பிடுங்க" என்று உள்ளே அழைத்துக்கொண்டேன். உள்ளூரில் கடை வைத்திருந்த அவர் மகனுக்கு ஆள் அனுப்பினேன். மகன் வருவதற்குள் அந்த ஆள் வாசல் வழியாக நழுவிவிட்டான். வெளிநாட்டு வேலை வாங்கித் தருகிறேன் என்று பேரனைக் காட்டி வலை விரித்திருந்தான். எந்த விதிப் புத்தகத்திலும் "டீ கொடு" என்று இல்லை. பெரியவரை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும், அவ்வளவுதான்.

இன்று என்ன நடக்கிறது? "டிஜிட்டல் கைது" என்று சொல்லி, போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து மிரட்டுகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. பயந்துபோன பெரியவர் தன் வாழ்நாள் சேமிப்பைத் தானே வேறு கணக்குக்கு அனுப்புகிறார். செயலி கேட்பது என்ன? பாஸ்வேர்ட், ஓ.டி.பி. இரண்டும் சரி. பணம் போய்விட்டது. "ஏன் மாமா, இவ்வளவு பணம் எதுக்கு? யாருக்கு?" என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. அந்த ஒரு கேள்வியைத்தான் செலவுக் குறைப்பு என்று எடுத்துவிட்டார்கள். பிறகு குறுஞ்செய்தியில் நமக்கே உபதேசம்: விழிப்புடன் இருங்கள்.

இன்னொரு வாதம் வரும். "மனுஷன் தப்பு செய்வான், லஞ்சம் வாங்குவான், ஜாதி பார்ப்பான். மிஷின் எல்லோருக்கும் சமம்." இதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீஸிலும் மனுஷனிடம் நாம் பட்டது கொஞ்சமா? ஆனால் மிஷினும் தப்பு செய்யும். அது தப்பு செய்யும்போது யாரும் நம்ப மாட்டார்கள் என்பதுதான் ஆபத்து.

இங்கிலாந்தின் அஞ்சல் துறைக் கதையை வங்கி, தபால் துறை நண்பர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கிளை அஞ்சலகங்களில் 'ஹொரைசன்' என்ற கணினி மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். அது கணக்கில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கிளை அஞ்சலகங்களை நடத்தியவர்கள் "நாங்கள் எடுக்கவில்லை" என்று கதறினார்கள். கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று சொல்லி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனார்கள், வீட்டை விற்றார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கடைசியில் தப்பு மென்பொருளில் என்று நிரூபணமாகி, 2024இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தீர்ப்புகளை ரத்து செய்தது. பதினேழு பைசாவுக்கு விடிய விடியத் தேடிய எனக்கு அதைப் படித்தபோது வயிறு கலங்கியது. நாங்கள் வித்தியாசம் வந்தால் முதலில் லெட்ஜரைச் சந்தேகப்பட்டோம். அங்கே முதலில் மனுஷனைச் சந்தேகப்பட்டார்கள்.

"காலம் மாறிவிட்டது, யார் கேட்டு என்ன ஆகப்போகிறது" என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு சேதி. ஸ்பெயினில் கார்லோஸ் சான் ஹுவான் என்று ஒரு ஓய்வுபெற்ற டாக்டர். 78 வயது, பார்க்கின்சன் நோயால் கை நடுக்கம். ஏ.டி.எம்.மில் பட்டனை அழுத்த முடியவில்லை, வங்கியில் பேச ஆள் இல்லை. 2022இல் "எனக்கு வயதாகிவிட்டது, ஆனால் நான் முட்டாள் இல்லை" என்ற வாசகத்தோடு கையெழுத்து இயக்கம் தொடங்கினார். 6 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அரசாங்கம் தலையிட்டது. முதியவர்களுக்குக் காலை 9 முதல் மதியம் 2 வரை கவுன்ட்டரில் நேரடிச் சேவை என்று வங்கிகள் இறங்கிவந்தன. அடுத்த வருஷம் இங்கிலாந்தில் ரயில் நிலைய டிக்கெட் கவுன்ட்டர்களைக் கூட்டமாக மூடப் போகிறோம் என்றார்கள். ஏழரை லட்சம் கருத்துகள் குவிந்தன. 2023 அக்டோபர் 31 அன்று திட்டத்தையே கைவிட்டார்கள். கேட்டால் கிடைக்கும். கேட்காதவனுக்குத்தான் "ஆன்லைன்" என்ற பதில்.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. முன்னே சொன்ன 2017 சுற்றறிக்கையிலேயே எல்லாம் இருக்கிறது: முதியவர்களுக்குத் தனிக் கவுன்ட்டர் அல்லது முன்னுரிமை, 70 வயதைத் தாண்டியவர்களுக்கு ரொக்கம் கொடுப்பது, வாங்குவது, வாழ்நாள் சான்று பெறுவது போன்ற அடிப்படைச் சேவைகள் வீட்டு வாசலில், சேமிப்புக் கணக்குக்குக் கேட்டால் வருஷத்துக்கு 25 செக் தாள் இலவசம். எந்தக் கிளையிலாவது இது போர்டில் எழுதித் தொங்குவதைப் பார்த்தீர்களா? கடன் விளம்பரம் தொங்குகிறது.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அமிலத் தாக்குதலில் முகமும் கண்ணும் சிதைந்த பெண்களும், பார்வைக் குறைபாடுள்ள ஒருவரும் தொடுத்த வழக்கு. கே.ஒய்.சி.க்குக் கண்ணைச் சிமிட்டச் சொன்னால் அவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிபதிகள் சொன்னார்கள். காகித வழி கே.ஒய்.சி. எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதும் அவர்கள் இட்ட உத்தரவுகளில் ஒன்று. எங்கள் தெரு அக்கா நவம்பரில் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் தோற்றதை நினைத்துக்கொண்டே அந்தச் செய்தியைப் படித்தேன்.

மனம் வைத்தால் மிஷினையும் மனுஷனையும் சேர்த்து அனுப்ப முடியும். தபால்காரர் மிஷினோடு வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு வாழ்நாள் சான்று எடுத்துத் தருகிறார். 2025 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் 70 வயது தாண்டிய 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கு வந்தது. எடை மிஷினும் ரேகை மிஷினும் கூடவே வந்தன. எந்தக் கட்சி என்பதை விடுங்கள். கிழவரை மிஷின் தேடி வர வேண்டும், மிஷினைத் தேடிக் கிழவர் ஓடக் கூடாது. இந்த முறை சரி என்பேன்.

ஆகவே என் கோரிக்கைகள் நாலு. ஒன்று, கிளை திறந்திருக்கும் நேரம் பூராவும் ஒரு கவுன்ட்டரில் ஒரு மனுஷன். இரண்டு, மிஷின் "இல்லை" என்று சொன்னால், நேரில் பார்த்து "ஆமாம்" என்று எழுதும் அதிகாரம் அங்கே இருக்கும் ஓர் அதிகாரிக்கு உண்டு என்று வாசலில் எழுதிப் போட வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மூன்று, ஒரு கடிதமோ, ஒரு போன் காலோ, ஒரு ஆளோ போய் விசாரிக்காமல் யாருடைய பென்ஷனையும் நிறுத்தக் கூடாது. இருபது வருஷமாக மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்களுக்கு விலாசம் தெரியாதா? நாலு, முதியவர் ஒருவரின் கணக்கிலிருந்து வழக்கத்துக்கு மாறாகப் பெரிய தொகை போனால், அனுப்புவதற்கு முன் கிளையிலிருந்து ஒரு மனுஷக் குரல் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். லோன் வேண்டுமா என்று தினம் நாலு தரம் கூப்பிட முடிகிறதே, இதற்கு முடியாதா?

"செலவாகுமே" என்பார்கள். ஆகும். கவுன்ட்டரை மூடினாலும் செலவு ஆகிறது. அது வங்கியின் புத்தகத்தில் வராது, அக்காவின் அடகுச் சீட்டில் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கவுன்ட்டரில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கிறீர்கள், தெரியும். ஆனால் "ஆன்லைன்தான்" என்று சொல்வதற்கு முன் ஒரு தரம் எதிரில் நிற்பவர் முகத்தைப் பாருங்கள். மிஷினால் முடிகிறது என்று இன்று அவரை வெளியே அனுப்பினால், நாளை மிஷினால் முடிகிறது என்று உங்களையும் அனுப்புவார்கள். எங்களுக்காகப் பேசும்போது உங்கள் நாற்காலிக்காகவும் பேசுகிறீர்கள்.

கடைசியாக நம் பக்கத் தப்பையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. ஏ.டி.எம். கார்டின் முதுகில் பின் நம்பரை எழுதி வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்? பக்கத்து வீட்டுப் பையனிடம் போனையும் ஓ.டி.பி.யையும் சேர்த்துக் கொடுப்பவர் எத்தனை பேர்? "எனக்கெல்லாம் வராதுப்பா" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் ஒரு சோம்பல்தான். கற்றுக்கொள்ள முடிந்ததைக் கற்றுக்கொள்வோம். நம் அனுமதி இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போனால் மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்ல வேண்டும். தப்பு நம்முடையதாக இல்லாவிட்டால் நஷ்டம் நம்முடையது அல்ல என்று ரிசர்வ் வங்கியே 2017இல் சொல்லியிருக்கிறது. நாமே ஓ.டி.பி.யைக் கொடுத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. சைபர் மோசடிப் புகாருக்கு எண் 1930. போன் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கற்றுக்கொள்வது நம் கடமை. கற்றுக்கொள்ள முடியாதவருக்கும் சேவை கிடைப்பது அவர் உரிமை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதைப் பறிக்க யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

இந்த நவம்பரில் செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். அந்தச் சுற்றறிக்கையின் நகல் ஐம்பது எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் பி.பி.ஓ., பாஸ்புக்கோடு வாருங்கள், சேர்ந்தே வங்கிக்குப் போவோம். வெளியூர்க்காரர்கள் உங்கள் தெருவில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் செவ்வாய்க்கு இட்லிக்கார அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். "இந்தத் தடவை நானே கேக்கறேன் தம்பி, நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க" என்றார்.

நிற்கப் போகிறேன்.